ஒரு விருப்பப் பாடம்தான் எடுக்க முடியும்: ஜெர்மனா, சுகாதாரத் தகவல் மேலாண்மையா?

கால அட்டவணையில் ஒரே ஒரு இடம் காலி. பட்டியலில் கண்ணை உறுத்துபவை இரண்டு: தொடக்கநிலை ஜெர்மன், சுகாதாரத் தகவல் மேலாண்மை அறிமுகம். ஒன்று மொழி, மற்றது தொழில். இந்த ஜோடியை எப்படி ஒப்பிடுவது என்று முதலில் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கேட்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வகைதான். செவிலியர் படிப்பில் இருப்பவர்கள், உயிரியல் படித்துவிட்டு ஆய்வகம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், கணினி படித்தும் நிரல் எழுதப் பிடிக்காதவர்கள். வேலை, வெளிநாடு, ஆஸ்பத்திரி என்ற மூன்றும் அவர்கள் மனதில் கலந்து ஓடுகின்றன.

"இரண்டில் எது நல்லது?" என்று கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. "ஒரு செமஸ்டரோடு நிறுத்திவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டால் சொல்லலாம். விருப்பப் பாடம் எடுப்பவர்களில் நிறைய பேர் முதல் செமஸ்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல் போதும். முதலாவது, சொன்னதுதான்: பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவது என்ன. இரண்டாவது, தொடர்வதாக இருந்தால் பலன் தொடங்கும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது, இதே விஷயத்தைக் கல்லூரிக்கு வெளியே கற்க முடியுமா. முடியுமென்றால் அந்த ஒரே காலி இடத்தை ஏன் அதற்குத் தர வேண்டும்? நான்காவது, வாரம் முழுக்கப் பரவும் உழைப்பா, தேர்வுக்கு முன்னால் சேர்த்துச் செய்துவிடக்கூடிய உழைப்பா. ஐந்தாவது, பாடத்திட்டக் கையேட்டில் எழுதாத செலவுகள்.

சம்பளத்தை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. இந்த இரண்டில் எந்த ஒற்றைப் பாடமும் தனியாக வேலை வாங்கித் தராது.

## தொடக்கநிலை ஜெர்மன்

ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோல் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள் கொண்டது. ஏ1-ஐ எட்ட 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை தேவை என்பது ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் தரும் கணக்கு. பி2 வரை போக மொத்தம் 600 முதல் 800 வகுப்புகள்.

இதைக் கல்லூரிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாரம் 4 மணி நேரம், 15 வாரம் என்றால் 60 மணி நேரம். அது 45 நிமிடக் கணக்கில் சரியாக 80 வகுப்பு. அதாவது ஒரு செமஸ்டர் முழுக்க ஒழுங்காகப் போனால் முதல் படியின் குறைந்தபட்ச எல்லையைத் தொடுவீர்கள். இதே வேகத்தில் பி2-க்கு ஏழெட்டு முதல் பத்து செமஸ்டர் ஆகும். பல கல்லூரிகளில் ஜெர்மன் நான்கு செமஸ்டரோடு நின்றுவிடும். மீதியை வெளியேதான் முடிக்க வேண்டியிருக்கும்.

பலன் எங்கே தொடங்குகிறது என்பதுதான் இதில் முக்கியம். ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பெரும்பாலும் பி2 கேட்பார்கள். மருத்துவர்களுக்கு அதற்கும் மேலே, மருத்துவ மொழிக்கென்றே தனித் தேர்வு. ஜெர்மன் மொழியில் நடக்கும் பட்டப்படிப்புக்கு டெஸ்ட்டாஃப் அல்லது டிஎஸ்எச் போன்ற தேர்வு. பேச்சுவழக்கு தெரிந்தால் மட்டும் இதைத் தாண்ட முடியாது. ஏ1-க்கே பலன் கிடைக்கும் இடங்களும் உண்டு. வாழ்க்கைத் துணையோடு சேர்ந்து வாழ விசா கேட்பவர்களுக்கு, சில விலக்குகள் தவிர, ஏ1 வேண்டும். 2024 ஜூனில் வந்த 'வாய்ப்பு அட்டை' என்ற வேலைதேடும் விசாவில் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 இருந்தால் மொழி நிபந்தனை முடிந்தது. மற்ற தகுதிகள் தனி. ஆனால் இங்கெல்லாம் பொதுவாகக் கேட்பது கோதே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வின் சான்றிதழை. கல்லூரி மதிப்பெண் பட்டியலை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவரும் தேர்வுக் கட்டணம் கட்டித் தனியாக எழுதத்தான் வேண்டும்.

இனி வகுப்பறைக்குள். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் சில இடங்களில் எதிர்பாராத அளவுக்குச் சுலபம். வேற்றுமை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். எட்டு வைத்துப் பழகியவர்களுக்கு நான்கு பெரிய விஷயமில்லை. 'ஏனென்றால்', 'என்று' என்பது போல வரும் துணைவாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தை மட்டும் வைத்து யோசிப்பவர்கள் அங்கே தடுமாறும்போது நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அடி விழுவது வேறு இடத்தில். நாம் திணையும் பாலும் பொருளைப் பார்த்து முடிவு செய்கிறோம். அங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லாத மூன்றாம் பால். ஏன் என்று கேட்டுப் பிரயோசனமில்லை, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். அதோடு நம் மொழியில் உருபு பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டும். அங்கே பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கும் 'டெர்' என்ற குட்டிச் சொல் 'டென்', 'டெம்', 'டெஸ்' என்று உருமாறும். ஒரு சொல்லின் பால் தெரியாவிட்டால் வேற்றுமை தவறும், வேற்றுமை தவறினால் அதையடுத்த பெயரடையின் ஈறும் தவறும். ஒரு பிழைக்கு மூன்று இடத்தில் மதிப்பெண் போகும்.

எழுந்திருப்பதற்கான வினை 'அவுஃப்ஷ்டேஅன்'. 'நான் ஏழு மணிக்கு எழுகிறேன்' என்று சொல்லும்போது அது இரண்டாக உடைந்து, 'ஷ்டேஅ' இரண்டாவது இடத்திலும் 'அவுஃப்' வாக்கியத்தின் கடைசியிலும் போய் உட்காரும்: இஷ் ஷ்டேஅ உம் ஸீபன் அவுஃப். எழுதும்போது சமாளித்துவிடலாம். கேட்கும்போது கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். எண்களும் அப்படித்தான்: இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். கேட்டல் தேர்வில் தொலைபேசி எண்ணையும் விலையையும் மாற்றி எழுதி மதிப்பெண் விடுவது புதியவர்கள் எல்லோருக்கும் நடக்கும்.

மறைமுகச் செலவு என்றால் இங்கே முதலில் நேரம். மொழியைக் கடைசி வாரத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது. தினம் அரை மணி நேரம் வேண்டும், விடுமுறையிலும்கூட. அடுத்தது பாடநூலோடு கட்டிவைத்த இணைய அணுகல் குறியீடு. பல பதிப்பகங்கள் அதை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தருகின்றன, அதனால் பழைய புத்தகம் வாங்கி மிச்சம் பிடிக்க முடியாது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: இரண்டாம் பாகம் எல்லா செமஸ்டரிலும் நடக்காது. இடையில் ஆறு மாதம் விட்டால் படித்ததில் பாதி காற்றோடு போய்விடும். அப்புறம், பள்ளியிலேயே ஜெர்மன் படித்துவிட்டு 'சுலப மதிப்பெண்' வாங்க வந்து உட்காரும் நான்கு பேர். அவர்களைப் பார்த்து நீங்கள் மந்தம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியே கிடைக்குமா? தாராளமாக. கோதே இன்ஸ்டிட்யூட், தனியார் வகுப்பு, ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் இலவச இணையப் பாடங்கள் என்று வழி நிறைய. கல்லூரி வகுப்பு கூடுதலாகத் தருவது இரண்டு: வாரம் தவறாமல் வாயைத் திறந்து பேச வைக்கும் கட்டாயம், தப்பைத் திருத்த ஒரு ஆள். தனியாகப் படிக்கும் ஒழுங்கு இல்லாதவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

## சுகாதாரத் தகவல் மேலாண்மை

எச்ஐஎம் என்று சுருக்கிச் சொல்வார்கள். பெயரைக் கேட்டதும் 'மெடிக்கல் கோடிங்தானே' என்பவர்கள் அதிகம். கோடிங், அதாவது மருத்துவர் குறிப்பில் உள்ள நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றுவது, இதில் ஒரு அறை, முழு வீடு இல்லை. நோயாளியின் பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும், யார் பார்க்கலாம், யாருக்கு நகல் கொடுக்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதிலிருந்து பில்லும் புள்ளிவிவரமும் எப்படி உருவாகின்றன என்பதெல்லாம் இதற்குள் வரும். துறை பழையதுதான். அமெரிக்காவில் 1928-ல் பதிவேட்டு நூலகர்கள் சங்கமாகத் தொடங்கியது, காலத்துக்கேற்பப் பெயர் மாறி, 1991-லிருந்து அஹிமா என்று நிற்கிறது. தாள் போய்த் திரை வந்தாலும் அடிப்படைக் கேள்விகள் மாறவில்லை.

கோடிங் எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துவிடும். மருத்துவர் குறிப்பில் 'சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரக நோய் நிலை 4, நீண்டகாலமாக இன்சுலின்' என்று மட்டும் இருக்கிறது. எந்த வகைச் சர்க்கரை நோய் என்று எழுதவில்லை. அமெரிக்காவில் பயன்படும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுதியின் விதிப்படி, வகை சொல்லாவிட்டால் இரண்டாம் வகை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையால்தான் சிறுநீரகம் கெட்டது என்றும் அவர் எழுதவில்லை. தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னாலொழிய, தொடர்பு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே ஈ11.22, அதோடு நிலையைச் சொல்ல என்18.4, இன்சுலினுக்கு இசட்79.4. ஒரு வரிக் குறிப்புக்கு மூன்று குறியீடு, இரண்டு விதி.

இன்னொன்று. 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறது. உள்நோயாளி வீடு திரும்பும்போது எழுதிய குறிப்பில் இப்படி இருந்தால் நிமோனியா என்றே குறியிடலாம். புறநோயாளி என்றால் கூடாது, இருமல், காய்ச்சல் என்ற அறிகுறிகளைத்தான் குறியிட வேண்டும். இந்த மாதிரி நுணுக்கத்தில் ருசி காண்பவர்களுக்கு இந்தப் பாடம் ஓடுவதே தெரியாது. 'இதெல்லாம் யாருக்கு வேண்டும்' என்று தோன்றினால் அந்த எண்ணத்தையும் மதியுங்கள், வேலையும் இதே மாதிரிதான் இருக்கும். (வாத்து இடித்துக் காயம்பட்டால் அதற்கும் தனிக் குறியீடு உண்டு, டபிள்யூ61.62. வகுப்பில் எல்லோரும் சிரிக்கும் ஒரே நாள் அது.)

அறிமுகப் பாடத்தில் கணக்கும் கொஞ்சம் வரும். 100 படுக்கை, 30 நாள், நோயாளிகள் படுத்திருந்த நாட்கள் மொத்தம் 2,400 என்றால் படுக்கை நிரம்பும் விகிதம் 80 சதவீதம். இதற்கு மேல் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. சட்டப் பகுதிதான் கனமானது. நோயாளித் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் 1996 ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம், 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் ஆகியவற்றின் விதிகள் வேறு வேறு. இருந்தாலும் தேவைக்கு மேல் ஒரு தகவலும் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. அது ஒருமுறை மனதில் பதிந்தால் எந்த நாட்டு ஆஸ்பத்திரியிலும் உதவும்.

ஒரு செமஸ்டரோடு நிறுத்தினால் மிஞ்சுவது இங்கே அதிகம் என்பேன். ஆஸ்பத்திரி, காப்பீடு, மென்பொருள் மூன்றும் எங்கே இணைகின்றன என்ற வரைபடம் தலைக்குள் தங்கிவிடும். குறியீடுகளை மறந்தால் பரவாயில்லை, வேலையில் இருப்பவர்களும் புத்தகத்தையோ மென்பொருளையோ பார்த்துத்தான் போடுகிறார்கள். செவிலியருக்கும், மருத்துவ மென்பொருள் எழுதப் போகிறவருக்கும், காப்பீட்டுத் துறைக்குப் போகிறவருக்கும் இந்தப் புரிதல் அப்படியே பயன்படும்.

தொடர்வதாக இருந்தால் கதை வேறு. ஆர்எச்ஐடி என்ற அமெரிக்கச் சான்றிதழுக்கு சிஏஎச்ஐஐஎம் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டுப் படிப்பு வேண்டும், ஆர்எச்ஐஏ-வுக்கு அதே அங்கீகாரமுள்ள பட்டப்படிப்பு. ஒற்றைப் பாடமோ, இணையத்தில் வாங்கிய வீடியோத் தொகுப்போ அந்தத் தேர்வு எழுதும் தகுதியைத் தராது. கல்லூரி இடத்தை இதற்குத் தர இது ஒரு நல்ல காரணம், கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இருந்தால். இல்லாவிட்டால் அந்தக் காரணம் போயிற்று. கோடிங் மட்டும் போதும் என்பவர்களுக்கு சிபிசி போன்ற சான்றிதழ்கள் உண்டு, அதற்குப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் அனுபவமில்லாமல் தேர்ச்சி பெற்றால் பெயருக்குப் பின்னால் 'பயிற்சிநிலை' என்ற வாலும் சேர்ந்து வரும். அந்த வாலைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. 'வீட்டிலிருந்தே வேலை' என்ற விளம்பரங்களும் பெரும்பாலும் அனுபவசாலிகளுக்குத்தான்.

மறைமுகச் செலவுப் பட்டியலில் முதலிடம் முன்தகுதிப் பாடங்களுக்கு. 'அறிமுகம்' என்று பெயர் இருந்தாலும், கோடிங் பக்கம் போக மருத்துவச் சொற்களும் உடற்கூறியலும் முடித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். ஒரு பாடம் என்று நினைத்து நுழைந்தால் மூன்றாகிவிடும். இரண்டாவது, குறியீட்டுப் புத்தகம். ஐசிடி-10-சிஎம் ஆண்டுதோறும் அக்டோபர் 1-ல் மாறும்; சீனியரிடம் வாங்கிய பழைய பதிப்பை நம்பினால் பயிற்சி விடைகள் பொருந்தாது. அமெரிக்கா 2015-ல்தான் ஐசிடி-10-க்கு மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது, நாடுகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. அதாவது படித்ததைத் திரும்பப் படிப்பது இந்தத் தொழிலின் ஒரு பகுதி. களப்பயிற்சி இருந்தால் தடுப்பூசிச் சான்று, பின்புலச் சரிபார்ப்பு என்று சில்லறைச் செலவுகளும் அலைச்சலும் வரும்.

மென்பொருளே குறியீடு போட்டுவிடுமே என்ற கேள்வியும் நியாயமானது. எளிய கோப்புகளை மென்பொருள் இப்போதே நன்றாகக் கையாள்கிறது. மனிதருக்கு மிஞ்சுவது சிக்கலான கோப்பும் சரிபார்ப்பும். அதற்கு விதி ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், வெறும் தேடல் திறமை போதாது. துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது தொழிலில் பரவலாக வைக்கும் எதிர்பார்ப்பு. ஜெர்மனுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். கைபேசி மொழிபெயர்ப்பை வைத்து ஊர் சுற்றலாம், ஆனால் பி2 தேர்வறைக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | தொடக்கநிலை ஜெர்மன் | எச்ஐஎம் அறிமுகம் |
|---|---|---|
| ஒரு செமஸ்டரோடு நிறுத்தினால் | ஏ1 வாசல், பழக்கம் விட்டால் சீக்கிரம் மறக்கும் | துறையைப் பற்றிய முழுப் படம், நிற்கும் |
| பலன் தொடங்கும் இடம் | சில விசாக்களுக்கு ஏ1, தொழிலுக்குப் பெரும்பாலும் பி2 | அங்கீகாரமுள்ள படிப்பு, சான்றிதழ், பிறகு அனுபவம் |
| கல்லூரிக்கு வெளியே | நிறைய வழி | கோடிங் மட்டும் கிடைக்கும். ஆர்எச்ஐடி வழி கிடைக்காது |
| உழைப்பு | தினமும், கொஞ்சம் கொஞ்சமாக | வாசிப்பு அதிகம். சேர்த்துச் செய்ய ஓரளவு இடமுண்டு |
| கண்ணில் படாத செலவு | தனித் தேர்வு, இணைய அணுகல் குறியீடு, இடைவெளி | முன்தகுதிப் பாடங்கள், ஆண்டுப் பதிப்பு, களப்பயிற்சி |

## யாருக்கு எது

செவிலியர் படிப்பில் இருந்து, ஜெர்மனிதான் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர் யோசிக்கவே வேண்டாம், ஜெர்மன். பி2 வரையான தூரத்தில் இப்போது கழியும் ஒவ்வொரு செமஸ்டரும் லாபம். 'போகலாம், போகாமலும் இருக்கலாம்' என்ற நிலையில் இருப்பவருக்கு என் யோசனை வேறு: எச்ஐஎம் எடுங்கள், ஜெர்மனை இலவசப் பாடங்களில் மூன்று மாதம் தொட்டுப் பாருங்கள். அது தானாக நீடித்தால் அடுத்த செமஸ்டரில் நேரே வகுப்புக்குப் போகலாம்.

தத்துவம், வரலாறு, இசையியல் போன்றவற்றில் ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஜெர்மன் வாசிப்பு பல்கலைக்கழகமே கேட்கும் தகுதியாக வரலாம். அவர்களுக்கும் ஜெர்மனே. ஆங்கிலவழி முதுகலைக்காக ஜெர்மனி போகும் பொறியியல் மாணவர்களுக்கு வகுப்புக்குள் ஜெர்மன் தேவைப்படாது. வாடகை வீடு தேடும்போதும் பகுதிநேர வேலை கேட்கும்போதும் தேவைப்படும். ஏ1 அங்கே போதாதுதான், ஆனால் ஒன்றும் தெரியாமல் இறங்குவதைவிட நல்லது.

ஆஸ்பத்திரி பிடிக்கும், ரத்தம் பிடிக்காது என்பவர்களுக்கு எச்ஐஎம். கணினி மாணவர்களுக்கும் அதுவே. மருத்துவத் தரவு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்த நிரலாளர்கள் குறைவு. நிதியாண்டுக் கணக்கு, தணிக்கை என்று போகும் வணிகவியல் மாணவர்களும் இதில் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். மதிப்பெண் சராசரியைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், சரி, அதுவும் ஒரு நோக்கம்தான்: தினமும் படிக்கும் பழக்கமுள்ளவர் ஜெர்மனிலும், நீளமான வாசிப்பில் சலிக்காதவர் எச்ஐஎம்-மிலும் தப்பித்துக்கொள்வார்.

## 'இரண்டையும் படித்து ஜெர்மனியில் எச்ஐஎம் வேலை' என்ற கனவு

இதைப் பலர் கேட்கிறார்கள், அதனால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் நோய்த்தொகுப்பு வாரியாகப் பணம் தரும் முறைக்கு ஜெர்மன் மருத்துவமனைகள் மாறியதிலிருந்து குறியிடுபவர்களுக்கு அங்கே நிலையான தேவை உண்டு. பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, மறுப்புச் சொல்லாதவரை, மின்னணு நோயாளிக் கோப்பு 2025 ஜனவரி முதல் உருவாகத் தொடங்கியது. ஆனால் அங்கே பயன்படுவது ஐசிடி-10-இன் ஜெர்மன் வடிவமும், சிகிச்சைகளுக்கு ஓபிஎஸ் என்ற தனித் தொகுதியும். ஈ11 அங்கேயும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்தான், அந்த அளவுக்கு ஒற்றுமை உண்டு. அதற்குப் பின்வரும் இலக்கங்களும் சிகிச்சைக் குறியீடுகளும் பில்லிங் விதிகளும் வேறு. அமெரிக்கச் சான்றிதழை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

அதைவிடப் பெரிய தடை மொழி. இந்த வேலையில் நாள் முழுக்க வாசிப்பது மருத்துவரின் விடுவிப்புக் கடிதங்களை. பாதி வாக்கியம், குவியல் குவியலாகச் சுருக்கெழுத்து. 'சந்தேகிக்கப்படுகிறது' என்பதையும் 'முன்பு இருந்தது' என்பதையும் இரண்டெழுத்துச் சுருக்கத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். அதைப் பிழையில்லாமல் பிரித்தறிய பி2-கூடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். இந்தப் பாதைதான் வேண்டும் என்றால் வரிசை தெளிவு: முதலில் ஜெர்மன், பல செமஸ்டர், குறியிடும் பயிற்சி அங்கே போய், அவர்கள் மொழியில்.

## பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ஜெர்மன் துறையில்: இரண்டாம் பாகம் அடுத்த செமஸ்டரிலேயே நடக்குமா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நாற்பது பேர் இருந்தால் பேச வாய்ப்பு வராது, அப்படியானால் வெளியே படிப்பதே மேல். முந்தைய மாணவர்கள் எந்த அளவுத் தேர்வுக்குப் போனார்கள்?

எச்ஐஎம் துறையில்: படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா, இல்லை 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்கிறார்களா? இந்தப் பாடம் பின்னால் சான்றிதழ் படிப்பில் கணக்கில் சேருமா? பயிற்சிக்கு உண்மையான குறியிடும் மென்பொருள் தருகிறார்களா, புத்தகம் மட்டும்தானா? களப்பயிற்சிக்கு மருத்துவமனையைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, மாணவர் தேட வேண்டுமா?

பாடத்தை மாற்றிக்கொள்ளும் கடைசித் தேதி எது என்றும் கேட்டு வையுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் இரண்டு வகுப்பிலும் தலா ஒருமுறை போய் உட்கார ஆசிரியர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.